எதிரெதிரே உட்கார்ந்த சனிக்கிழமைகள்

படிவம் நிரப்புவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நெய்யாற்றின்கரையில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் எனக்கு அதுதான் வேலை. பிறர் நிரப்பிக் கொண்டுவருவதில் பிழை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவேன். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் முகத்தில் அடித்தாற்போல் சொல்லுவேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற யாருடைய முகமும் எனக்கு நினைவில்லை, கையெழுத்துகள்தான் நினைவிருக்கின்றன. அப்படிப்பட்ட நான் என் வாழ்க்கையிலேயே முக்கியமான படிவத்தைத் தப்பாக நிரப்பினேன். அது தப்பு என்று தெரிய நான்கு மாதம் ஆயிற்று.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது ஒரு காலை நேரம். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நேரத்தில் போயின. கால் மெல்லத் திரும்பியது, பிடித்துக்கொண்டால் நடப்பாள். கை வரவில்லை. பேச்சு அடியோடு இல்லை. நாம் சொல்வது அவளுக்குப் புரிகிறது, அவளுக்குத்தான் சொல்ல வரவில்லை என்றார் மருத்துவர். பேச்சுப் பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம், முதல் ஒரு வருடத்தில் வந்தால்தான் உண்டு, அதற்கப்புறம் ஆசை வைக்க வேண்டாம் என்றும் சொன்னார். ஆக, எனக்குக் கையில் இருந்தது ஒரு வருடம்.

அவள் பேச்சு எப்படிப்பட்டது என்று சொல்லவேண்டும். காலையில் அடுப்பு பற்றவைக்கும்போது தொடங்கினால் விளக்கணைக்கும்வரை ஓயாது. பக்கத்து வீட்டுக் கல்யாண ஆலோசனை, முருங்கை காய்க்காதது, டிவி சீரியலில் மாமியார் செய்த அநியாயம், எல்லாம் என் காதுக்குத்தான். முப்பத்தெட்டு வருடம் அதையெல்லாம் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தபடியே கேட்டேன். 'உம்' போடுவேன். மிஞ்சினால் "வாய மூடுடீ கொஞ்சம்" என்பேன். வீடு நிஜமாகவே வாயை மூடிக்கொண்டபோது எனக்கு மூச்சு முட்டியது. அவள் திரும்ப ஒரு சொல் பேசினால் போதும், திட்டினாலும் சரி என்று கிடந்தேன்.

பேச்சுப் பயிற்சிக்குச் சேர்க்கும் படிவத்தில் 'மொழி' என்று ஒரு கட்டம் இருந்தது. மலையாளம் என்று எழுதினேன். யோசிக்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம். வீட்டுக்குள் தமிழ், வாசல்படி இறங்கினால் மலையாளம். பள்ளிக்கூடம், ரேஷன், பத்திரம் எல்லாம் மலையாளத்தில்தான். தமிழ் என்று எழுதிவிட்டால், எப்போது இங்கே வந்தீர்கள் என்று ஒரு கேள்வி வரும். நாங்கள் எங்கிருந்தும் வந்தவர்கள் இல்லை, தலைமுறை தலைமுறையாகக் காரோடு என்கிற இதே ஊர்தான். அதை ஒவ்வொரு கவுண்டரிலும் நின்று விளக்கிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? ஆகவே, அச்சடித்த மாதிரி என் அழகான கையெழுத்தில் மலையாளம் என்று எழுதிக் கொடுத்தேன்.

பயிற்சி கொடுத்தவள் கோட்டயம் பக்கத்துப் பெண். நல்ல பெண். புதன்கிழமை தோறும் ஒரு கட்டுப் பட அட்டைகளை வைத்துக்கொண்டு பொறுமையாக உட்காருவாள். பூனைப் படத்தைக் காட்டி, "பூச்ச" என்பாள். என் மனைவி படத்தைப் பார்ப்பாள், அந்தப் பெண்ணின் வாயைப் பார்ப்பாள், அவளுடைய உதடு துடிக்கும், ஒன்றும் வராது, கண்ணில் தண்ணீர்தான் வரும். மலையாளம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. மீன்காரியிடம் பேரம் பேசியது மலையாளத்தில், சீரியல் பார்த்தது மலையாளத்தில். அதனால் எனக்குச் சந்தேகமே தட்டவில்லை. முயற்சி போதாது என்று ஆட்டோவில் திரும்பும்போது அவளைத்தான் கடிந்துகொள்வேன். பாவி நான்.

மூன்றாம் மாதக் கடைசியில் அந்தப் பெண்தான் சொன்னாள், வீட்டிலேயே அடைத்து வைக்காதீர்கள், நாலு மனிதர்களுக்கு நடுவில் கொண்டுபோய் உட்கார வையுங்கள் என்று. எங்கே போவது? கோயிலுக்கு அழைத்துப்போனால் துக்கம் விசாரிக்க வருவார்கள். அப்போதுதான் எங்கள் ஊர் வாசகசாலையில் ஒரு அறிவிப்பு பார்த்தேன். சனிக்கிழமை சாயங்காலம் பெரியவர்களுக்கு ஓவிய வகுப்பு, ஒன்றும் தெரியாதவர்களும் வரலாம் என்று எழுதி ஒட்டியிருந்தது.

வகுப்பு நடத்தியவள் பொழியூர்ப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். திருவனந்தபுரத்தில் ஓவியம் படித்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சராக இருந்தாள். வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். பெரும்பாலும் கடற்கரைப் பெண்கள், மீன் விற்று முடித்து, குளித்துவிட்டு, ஈரத்தலையோடு வந்து உட்காருவார்கள். எங்கள் ஆட்களில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

அந்த வகுப்பில் பானை, பூ, தென்னைமரம் ஒன்றும் கிடையாது. இரண்டு பெஞ்சுகளை எதிரெதிரே போட்டு ஜோடி ஜோடியாக உட்காரவேண்டும். எதிரே இருப்பவரின் முகத்தைக் கரித்துண்டால் வரையவேண்டும். அரை மணி நேரம், பேச்சு கிடையாது. அழிக்கக் கூடாது. தாளைப் பார்ப்பதைவிட முகத்தை அதிகமாகப் பார்க்கவேண்டும். வரைந்ததை எதிரே இருப்பவருக்குக் காட்டக் கூடாது. டீச்சர் வாங்கி வைத்துக்கொள்வாள், வாசகசாலை ஆண்டுவிழாவில் எல்லாவற்றையும் சுவரில் மாட்டும்போது பார்த்துக்கொள்ளலாம். ஒரே ஊரில் கிடக்கிறோம், ஒருத்தர் வீட்டுச் சண்டை ஒருத்தருக்குத் தெரியும், மூக்கு எப்படி என்று கேட்டால் தெரியாது, அதுக்காக்கும் இந்த வகுப்பு என்று அவள் முதல் நாளே சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் மனைவி இடது கையில் கரியைப் பிடித்தாள். பிடித்தாள் என்று சொல்வதே அதிகம், குழந்தை கரண்டியைப் பிடிக்கிற மாதிரி உள்ளங்கையோடு சேர்த்து அமுக்கினாள். ஆனால் என்னைப் பார்த்தாள். கண்ணெடுக்காமல் பார்த்தாள். எனக்கு அது கூச்சமாக இருந்தது. கல்யாணப் பந்தலில்கூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. சரி, வரைகிற வேலையைப் பார்ப்போம் என்று குனிந்துகொண்டேன்.

முதல் வாரம் நான் வரைந்தது பூசணிக்காய் மாதிரி இருந்தது. என் கையால் இப்படியொரு அலங்கோலமா என்று எனக்கு மானக்கேடாகப் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் அவளுடைய ஆதார் அட்டையை எடுத்தேன். மேசையில் வைத்து, அதிலிருந்த முகத்தைக் கட்டம் போட்டு, பென்சிலால் தினமும் நகல் எடுத்துப் பழகினேன். காது இத்தனை, மூக்கு இத்தனை, வகிடு இந்த இடத்தில். கண்ணை மூடிக்கொண்டே போடலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை வகுப்பில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல், பாடம் ஒப்பிப்பதுபோல அதை அப்படியே இறக்கிவைத்தேன். அட்டை மனப்பாடமாக இருக்க, எதிரே உட்கார்ந்திருக்கும் அவள் எதற்கு எனக்கு?

டீச்சர் வந்து தாளைப் பார்த்தாள். என் மனைவியையும் பார்த்தாள்.

"சாரே, இது ஆதார் கார்டுல உள்ள அம்மையாக்கும். இஞ்ச இருக்கியது வேற ஆளு. இவியளுக்க வாய் இப்பம் ஒரு பக்கம் இறங்கியில்லா இருக்கு? அதப் பாத்துப் போடும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கோணிப்போன வாயை நான் எதற்கு வரையவேண்டும்? நான் வரைவது என் மனைவியை, அவளுடைய வியாதியை அல்ல என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் அடுத்த பெஞ்சுக்குப் போனாள்.

நான்காவது சனிக்கிழமை அது நடந்தது. நான் வகிட்டுப் பக்கம் முடியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மேலே மின்விசிறி சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

"பாரும்."

பக்கத்து பெஞ்சில் யாரோ பேசுகிறார்கள், விதிமீறல் என்றுதான் முதலில் நினைத்தேன். தலையை நிமிர்த்தினால், அவள். இடது கையில் கரி, வாய் பாதி திறந்தபடி. நான்கு மாதத்துக்குப் பிறகு அவளுடைய குரல். கொஞ்சம் தடித்திருந்தது, ஆனால் அவள் குரல்தான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்தேன், தாள் கீழே விழுந்தது, எல்லாரையும் கூப்பிட்டேன். கேட்டீர்களா, கேட்டீர்களா என்று ஆள் ஆளாகப் பிடித்துக் கேட்டேன். பக்கத்து பெஞ்சு மீன்காரி ஓடிவந்து அவள் கையைப் பிடித்து முத்தமிட்டாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வளைகுடாவில் இருக்கும் மகனுக்கு அங்கேயே நின்று போன் போட்டேன். இன்னொருமுறை சொல், இன்னொருமுறை சொல் என்று அவளைக் கெஞ்சினேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "இஞ்ச பாரும்" என்றாள். நான் டீச்சரைப் பார்த்தேன், அவள் கேட்டாளா என்று.

புதன்கிழமை பயிற்சிக்காரப் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னேன், பாரும் என்று சொன்னாள் என்று. அவளுக்கு அது என்ன சொல் என்றே விளங்கவில்லை. வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்டாள். தமிழ்தான் என்றேன். அவள் கோப்பைத் திறந்து என் கையெழுத்தைக் காட்டினாள். கோபித்துக்கொள்ளவில்லை. நான்கு மாதமாகத் தப்பான கதவை அல்லவா தட்டிக்கொண்டிருந்தோம் என்று மலையாளத்தில் மெதுவாகச் சொன்னாள். தனக்குத் தமிழ் தெரியாது, நாகர்கோவிலில் யாராவது இருப்பார்கள், விசாரியுங்கள், அதுவரை அந்தச் சனிக்கிழமை வகுப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள் என்றாள். நான் நாகர்கோவிலில் விசாரித்தேன். இத்தனை தூரம் பஸ்ஸில் இவளை எப்படி என்று அதை ஆறப் போட்டேன்.

அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் சில சொற்கள் வந்தன. 'மதி' என்றாள், எங்கள் வீட்டுத் தமிழில் போதும் என்பதற்கு. 'வெள்ளம்' என்று தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். டீச்சரை ஒருநாள், பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல, 'மக்கா' என்றாள். எல்லாமாக ஆறு சொல். ஆறும் அந்த பெஞ்சில்தான் வந்தன. வீட்டில் ஒன்றுகூட இல்லை. வீட்டில் அவளும் நானும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஏன் இங்கே வரவில்லை என்று நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை.

இதுவரைக்கும் நடந்தது தெரியாமல் செய்த தப்பு. இனி வருவது அப்படியல்ல.

அவளுக்கு வாயோரம் எச்சில் வடியும். கரி பிடித்த கையாலேயே துடைத்துக்கொள்வாள். அரை மணி நேரம் முடியும்போது வாயைச் சுற்றிக் கறுப்பாக இருக்கும். கடற்கரைப் பெண்கள் தங்கள் முந்தானையால் துடைத்துவிடுவார்கள், சிரிப்பார்கள், அவளும் பாதி வாயால் சிரிப்பாள். அதியன்னூரில் ஒரு கல்யாணத்தில் என் சொந்தக்காரர் ஒருவர் பந்தியில் வைத்துக் கேட்டார், கடப்புறத்துப் பெண்களோடு கரி பூசி உட்கார வைத்திருக்கிறாயாமே, அவள் எப்பேர்ப்பட்ட வீட்டுப் பெண் என்று. பக்கத்து இலைக்காரர்கள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தப் பெண்கள் நடுவில் அவளுக்குச் சொல் பிறந்தது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. பாயசம் வாங்காமல் எழுந்து வந்தேன், அவ்வளவுதான் என் வீரம்.

ஒன்பதாவது சனிக்கிழமை மகன் விடுமுறையில் வந்திருந்தான். வகுப்பு முடிகிற நேரத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு வந்து, வாசலில் நின்று அம்மாவைப் பார்த்தான். வீடு வந்து சேர்ந்தோம். அவளைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தான்.

"எனக்க அம்மைய நாலாளுக்க முன்ன இப்பிடிக் கொண்டு இருத்தணுமாப்பா? இப்பம் எல்லாம் வீட்டுக்குள்ள இருந்தே படிக்கலாம்."

மறுநாளே ஒரு டேப்லெட் வாங்கிவந்தான். நல்ல பிள்ளை, தேடித் தேடித் தமிழிலேயே பயிற்சி தருகிற ஒன்றை அதில் போட்டுக்கொடுத்தான். படம் வரையவும் அதில் இடமிருந்தது, விரலால் தொட்டால் வண்ணம் வரும், கையில் கரி ஒட்டாது. ஆளில்லாமலே எல்லாம் நடக்கும். ரொம்ப நாள் மகன்மேல்தான் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொன்னால், அவன் அதைச் சொன்னபோது எனக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. யாராவது வாய்விட்டுச் சொல்லமாட்டார்களா என்று நான் காத்திருந்திருக்கிறேன்.

டேப்லெட்டில் ஒரு பெண் செய்தி வாசிப்பவள்போலச் சுத்தமாக, "பூனை" என்பாள். கொஞ்சம் நின்று, மறுபடியும், "பூனை." என் மனைவி பார்த்துக்கொண்டே இருப்பாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அதைத்தான் பார்ப்பேன். சரியான மொழி, சரியான படம், நேரம் தவறாத பாடம். ஒரு சொல் வரவில்லை. வாரம் வாரமாக வரவில்லை. இடது கைவிரலால் அந்தக் கண்ணாடியை ஒருமுறை தொட்டாள், முகத்தைத் தடவுவதுபோலத் தடவிப் பார்த்தாள், பிறகு தொடவே இல்லை.

டீச்சர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தாள். முதல் தடவை, தானே ஆட்டோவில் வந்து கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவிடுவதாகக் கெஞ்சினாள். என் மனைவி அவளைக் கண்டதும் கையை நீட்டி, "மக்கா" என்றாள். வீட்டுக்குள் அவள் சொன்ன ஒரே சொல் அது. அடுத்த வாரம் கட்டாயம் வருகிறோம் என்றேன். போகவில்லை. இரண்டாம் தடவை வந்தபோது வாசலிலேயே நின்று, அவள் உறங்குகிறாள் என்று சொல்லி அனுப்பினேன். அவள் உறங்கவில்லை. உள்ளே டேப்லெட்டின் முன்னால் உட்கார்ந்து வாசலில் நடந்த பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மருத்துவர் சொன்ன வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தது. இந்த முறை இடது கையையும் கொண்டுபோயிற்று. கண் திறந்திருக்கிறது, பார்வை யார்மேலும் நிற்பதில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. மருத்துவர் தோளைத் தட்டினார், இனி நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் சோறு ஊட்டுவது, துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது. இனி ஆசை வைக்க ஒன்றுமில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

போன மாதம் டீச்சர் மூன்றாவது தடவையாக வந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளை நிறுத்திவிட்டார்கள், வகுப்பும் நின்றுவிட்டது, மஸ்கட்டில் ஏதோ வேலை கிடைத்துப் போகிறாளாம். ஆண்டுவிழாவில் சுவரில் மாட்டியதை அவரவர் வீட்டில் கொண்டு கொடுக்கிறேன், இது உங்களுடையது என்று ஒரு துணிப்பையை நீட்டினாள். ஆண்டுவிழாவுக்கும் நான் போயிருக்கவில்லை. கட்டிலருகே போய் என் மனைவியின் நெற்றியைத் தொட்டாள், குனிந்து காதருகே ஏதோ சொன்னாள், போய்விட்டாள். என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை.

பையில் ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டுத் தாள்கள். என்னுடைய ஒன்பதில் முதலாவது பூசணிக்காய். மற்ற எட்டும் ஆதார் அட்டை. ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் கோடு பிசகாது. யார் பார்த்தாலும் ஒரே அசலின் நகல்கள் என்று சான்றிட்டுக் கொடுக்கலாம்.

அவளுடையதை அப்புறம்தான் எடுத்தேன். முதலாவதில் வெறும் கிறுக்கல். இரண்டாவதில் ஒரு காது தெரிந்தது, சட்டைப் பொத்தான் தெரிந்தது. மூன்றாவதில் நெற்றியில் சின்ன வயதில் விழுந்த தழும்பைப் போட்டிருந்தாள். அது அவளுக்குத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. போகப் போக நான் வந்துகொண்டே இருந்தேன். ஒன்பதாவதில் அப்படியே நான், அந்த வீம்பு பிடித்த தாடை முதற்கொண்டு. பழக்கமில்லாத கையால் என்னை இத்தனை சரியாக வரைந்திருக்கிறாள். ஆனால் எந்தத் தாளிலும் எனக்குக் கண் இல்லை. கண் இருக்கவேண்டிய இடத்தில் கீழே இறங்கிய இரண்டு இமைகள். அவள் என்ன செய்வாள், பார்த்ததைத்தானே போட முடியும்.

நான்காவது தாளில் மட்டும் இமையும் இல்லை. அன்றைக்குத்தான் அவள் பேசியது. முகம் முழுவதையும் முடித்துவிட்டு, கண்ணுக்கான இடம் இரண்டையும் வெள்ளையாக விட்டிருந்தாள். போடுவதற்குக் காத்திருந்திருக்கிறாள். காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்திருக்கிறாள். நான் எழுந்து நின்று ஊரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தாவது தாளிலிருந்து மறுபடியும் இமைகள்தான்.

இப்போது காலையில் அவளுக்கு முகம் துடைத்துவிட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்காருகிறேன். அரை மணி நேரம். செய்தித்தாள் கிடையாது, டிவி கிடையாது. வாய் வலப்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, இடது புருவத்தில் எத்தனை நரை, மூக்குத்தித் துளை எங்கே தூர்ந்துபோயிருக்கிறது, எல்லாம் இப்போது எனக்குத் தெரியும். கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். நான்காவது தாளை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்து, "இஞ்ச பாரு" என்கிறேன்.

அவள் கண் என்னைத் தாண்டிச் சுவரில் நிற்கிறது.